எங்கள் கேசட்டின் ஆறாவது பாட்டு

இடி அண்ணே,

தெருவே உனக்கு வைத்த பேர் அது. டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் அம்மாவின் குண்டானையெல்லாம் தட்டித் தட்டி நசுக்கினாயே, அதற்காக. போன மழையில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கேசட் அதற்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அதை எப்படி முடித்தோம் என்று எழுதிவைக்கிறேன். ஏழாவதோடு நின்றவள் நான், தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

கிடாருக்கு ஒருவன், பேஸுக்கு ஒருவன், டிரம்ஸுக்கு நீ, பாட நான். ராக் பேண்ட் என்று நாமேதான் சொல்லிக்கொண்டோம். கிடைத்ததோ மைசூர் அக்ரஹாரத்தில் பஜனை பதிவு செய்கிற ஸ்டுடியோ. எல்லாரும் சேர்ந்தே வாசிக்க வேண்டும்; ஒருவர் தப்பு செய்தாலும் முதலிலிருந்து. ஐந்து பாட்டு முடிந்தது. ஆறாவது, நீயே எழுதி மெட்டுப் போட்ட ஒரே பாட்டு. அது வராவிட்டால் இந்தக் கேசட்டே வேண்டாம் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாய்.

மற்ற ஐந்தும் கிடாரில் முடிந்தன. உன் பாட்டை நான்தான் முடிப்பேன் என்று நீ அடம். ஆனால் உன் கை, சின்ன வயதிலிருந்து ஞாயிறு பூசைக்கு டிரம்ஸ் வாசித்த கை. மாதா கோயிலில் கடைசி வரியை எல்லாரும் இழுத்துப் பாடுவார்கள், நீயும் மெதுவாக்கி முடிப்பாய். இங்கேயும் அதே. புயலாகப் போன பாட்டு கடைசி வரியில் முழந்தாள் போட்டது.

"குரு, இது ராக்கு! நீ என்னமோ ஃபாதர் கிட்ட ஆசீர்வாதம் வாங்கற மாதிரி முடிக்கிற!" என்றான் கிடார்காரன். மைசூரில் யாரைக் கூப்பிட்டாலும் குருதான்.

"நான் எங்கடா மெதுவாக்கறேன்? கைதான் போவுது."

"அப்ப கைய வீட்ல வெச்சுட்டு வா."

ஸ்டுடியோக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பஜனைக்காரங்க வர்ற நேரம். இன்னும் ஒந்தே டேக், அஷ்டே." ஒரே ஒரு தடவை, அவ்வளவுதானாம்.

"அஞ்சு பாட்டே போதும், இத விட்ரலாம்" என்றான் பேஸ்காரன். நீ குச்சியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற வரிசை நீண்டுவிட்டால் பாட்டை முடிக்காமல் பல்லவிக்கே திரும்பிவிடுவோமே, அது சட்டென்று எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் உன் வேகம் குறைந்ததே இல்லை. ஸ்டுடியோக்காரர் காதில் விஷயத்தைச் சொல்லிவிட்டு உன்னிடம் வந்தேன்.

"அண்ணே, கடைசி வரியே கெடையாது. வரிசை இன்னும் முடியலன்னு நெனச்சுக்கோ. நான் பல்லவிய சுத்திச் சுத்திப் பாடறேன், நீ பாட்டுக்கு அடி."

"எவ்ளோ பேரு நிக்கறாங்க?"

"மைசூரே நிக்குது, அடி!"

அடித்தாய் பார், கொஞ்சமும் தளரவில்லை. ஸ்டுடியோக்காரர் மெல்ல மெல்லச் சத்தத்தைக் குறைத்து டேப்பை நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் நிறுத்தியும் நீ நிறுத்தவில்லை. நான்தான் குச்சியைப் பிடுங்கினேன்.

கேசட் வந்த அன்று அம்மாவுக்கு உன் பாட்டைப் போட்டேன். முடிவு வந்ததும் அம்மா டேப் ரெக்கார்டரில் காதை வைத்தாள்.

"ஏண்டி, புள்ள இன்னும் வாசிச்சுட்டுத்தானே இருக்கான்? அதுக்குள்ள ஏன் சத்தத்தக் கொறச்சாங்க?"

நான் டேப்பைப் பின்னால் ஓட்டி உன் பாட்டை மறுபடி போட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ மெழுகுவர்த்தி கொளுத்தும்போதோ எங்கள் அண்ணனுக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.