கூப்பிடறனுங்க என்றார் முதலாளி

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள். எட்டாவதோடு படிப்பை விட்டவன், கோயம்புத்தூர் கணபதியில் ஒரே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றேன். எதெதற்கோ பயந்தேனே தவிர, வேலை போகும் என்று மட்டும் ஒரு நாளும் பயந்ததில்லை.

போன வருஷம் ஆவணியில் போனது. பம்ப்செட் ஆர்டர் குறைந்துபோனதால் முதலாளி இரண்டு பேரை ஆபீசுக்குள் கூப்பிட்டார். ஒருவன் நான். இன்னொருவர் பக்கத்து லேத்தில் நின்ற பீகார்க்காரர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல ரெஸ்ட் எடுங்க. ஆர்டர் வந்தா நானே கூப்பிடறனுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட, கலந்து பேசிச் சொல்லி அனுப்பறமுங்க என்றுதான் சொல்வோம். நானே அப்படிச் சொல்லி ஆட்களை அனுப்பியிருக்கிறேன். இருந்தும் முதலாளி சொன்னதை அப்படியே நம்பினேன்.

பீகார்க்காரருக்குத் தமிழ் அரைகுறை. அவர் அளவு பார்க்கிற தன் சொந்த வெர்னியரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கேட்டைத் தாண்டியதும் ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டார். கூப்பிடறேன் என்றாரே, அதற்குள் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டீ குடுத்தாருல்ல அண்ணா. வேலைக்கு வச்சுக்கற ஆளுக்கு என்னைக்கு டீ குடுத்தாரு?"

பாஷை தெரியாதவர் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். என் வெர்னியரைப் பட்டறை டிராயரிலேயே விட்டுவிட்டு வந்தேன். நாளைக்கோ மறுநாளோ கூப்பிடப்போகிறார்கள், அதற்குள் வீட்டில் எதற்குச் சொல்வது?

மறுநாள் காலை எப்போதும்போல டிபன் கேரியரோடு கிளம்பினேன். கணபதிப் பக்கம் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பீளமேட்டுக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாப்பில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சத்தம் குறைந்திருக்குமோ என்று அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். சோறு இறங்காது. மிச்சம் வைத்தால் வீட்டில் மனைவி கேட்பாளே என்று தண்ணீரைக் குடித்து இறக்குவேன். சாயங்காலம் கை சுத்தமாக இருக்கக்கூடாது என்று வண்டியின் செயினைத் தொட்டு விரலில் மை பூசிக்கொண்டு வீட்டுக்குள் போவேன்.

ஒரு மாதம் இப்படிப் போனது. சம்பளத் தேதியில் கைமாற்று வாங்கி வீட்டில் கொடுத்தேன். விஸ்வகர்மா பூஜைக்கு வரச் சொல்லி பீகார்க்காரர் கூப்பிட்டார். எட்டுப் பேர் தங்கியிருந்த ரூம். நம் ஆயுத பூஜைபோல அவர்களுக்கு அது. சுவரோரம் அவருடைய வெர்னியருக்குச் செண்டுமல்லி வைத்திருந்தது. வேலை இல்லாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்தே கேலி செய்தார்கள், எங்களுக்கு இன்றைக்கு ஒரு நாள்தான் லீவு, உனக்கு மாசம் பூரா லீவு என்று. அவரும் சிரித்தார். அப்புறம் வாசலில் என்னோடு நிற்கும்போது, ஊருக்கு மட்டும் போக முடியவில்லை என்றார். போனால் ஊரே வந்து விசாரிக்கும், அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. எனக்கு ஊர் பிரச்சினை இல்லை, வீடுதான் பிரச்சினை என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். என் டிராயரில் வேறு யாருடைய சாமான்களோ இருந்தன. என் வெர்னியரைப் பேப்பரில் சுற்றித் தயாராக வைத்திருந்தார் மேஸ்திரி. சாப்பிட்டுப் போட்டுப் போலாமுங்க என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்த டீயின் அர்த்தம் விளங்கியது. இருந்தும் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வெர்னியர் பைக்குள்ளேயே கிடந்தது.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு மனைவியும் என்னோடு பட்டறைக்கு வருவாள். முதலாளி வீட்டம்மா பொரியும் இனிப்பும் கொடுப்பார். இவள் தலைக்குக் குளித்துப் பட்டுச் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் வெர்னியரை எடுத்து, சாமி படத்துக்கு முன்னால், அவளுடைய தையல் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். "ஏனுங்க, இன்னைக்கு இது பட்டறையிலதான இருக்கோணும்?"

"ஆர்டர் வந்தா கூப்பிடறன்னாரு மொதலாளி, கூப்பிடவே இல்ல அம்மணி."

எத்தனை நாளாச்சு என்று கேட்டாள். ஆவணியிலிருந்து என்றேன்.

"அப்ப மத்தியானச் சோத்தை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

பஸ் ஸ்டாப்பில் என்றேன். வேலை போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள். அழுதுகொண்டே கத்தரிக்கும் வெர்னியருக்கும் சந்தனம் வைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தவள், என் கையிலிருந்த போனைக் காட்டி, "அதை உள்ள வெச்சுப்போட்டுச் சாப்பிட வாங்க" என்றாள்.

போனை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சோறு இறங்கியது. காது மட்டும் டப்பா மேலேயே இருந்தது.