வேதக்கோயிலுக்குப் போன பலாமரம்

திண்ணனூர் நாட்டு வேதக்கோயிலின் வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கட்டிய பாதிரியாரின் பெயரும் கட்டி முடித்த வருடமும் அதில் இருக்கின்றன. கூரையைத் தாங்கும் உத்திரம் எங்கள் சாமைக் காட்டில் நின்ற பலாமரம் என்பது அதில் இல்லை. அதனால் எங்களை ஊர் ஒதுக்கிவைத்ததும், அதற்குக் காரணம் நான்தான் என்பதும் கல்லில் வெட்டும் சங்கதிகள் அல்ல.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு ஏழு வயதிருக்கும். தங்கையைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா இறந்துபோனாள். அப்போது ஊரில் பால் கொடுக்கும் நிலையில் ஒரு பெண்ணும் இல்லை. சாமைக் கஞ்சியின் தெளிவில் துணியை நனைத்து அப்பா குழந்தையின் வாயில் பிழிந்து பார்த்தார். அது துப்பிவிட்டது. கடைசியில் கூடையில் வைத்து எடுத்துப்போய், மேட்டில் குடிசை போட்டுத் தங்கியிருந்த பாதிரியாரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். துரைசானி என்போம் அவளை. மாட்டுப்பாலைக் காய்ச்சிச் சங்கில் புகட்டி அவள் தங்கையைப் பிழைக்க வைத்துவிட்டாள். ஊர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பாதிரியார் கோயில் கட்டத் தொடங்கியபோதுதான் ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கல்லோ மரமோ ஆளோ யாரும் கொடுக்கக் கூடாது, மலைச்சாமிக்கு ஆகாது என்று கூட்டம் கூடி முடிவு செய்தார்கள். முடிவைச் சொன்னவர் என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர். ஊருக்கு அவர்தான் தலைவர்.

மண்சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நின்றுவிட்டது. மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் கரைந்துவிடும். ஒரு நாள் குழந்தையைப் பார்க்கப் போன அப்பா, துரைசானி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மொட்டைச் சுவரையே பார்த்து நின்றதைக் கண்டுவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவரும் சித்தப்பாவும் கோடாலி எடுத்தார்கள். மூன்று நாள் வெட்டினார்கள். நான்காம் நாள் பாதிரியார் அடிவாரத்திலிருந்து கூட்டிவந்த ஆட்கள் மரத்தைத் தூக்கிப்போனார்கள்.

விசாரிக்க ஊர்ப் பெரியவர்கள் எங்கள் காட்டுக்கே வந்தார்கள். அடிமரம் கோடாலிக் கொத்தோடு மஞ்சளாகத் தெரிந்தது. அப்புச்சி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாப்ள, மரம் காத்துல சாஞ்சு போச்சுங்களா?"

அப்பா தலையாட்டினார். "ஆமாங்க மாமா. காத்துலதானுங்க சாஞ்சுது."

"சாஞ்ச மரத்த எவன் தூக்கிட்டுப் போனா நமக்கென்னங்க" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் கை கொப்புளிக்க வெட்டியதைக் காற்றின் கணக்கில் எழுதுகிறார்களே!

"இல்லீங்க அப்புச்சி, காத்தே அடிக்கலீங்க. அப்பாவும் சித்தப்பாவும் வெட்டுனாங்க. நாந்தான் தண்ணி கொண்டாந்து குடுத்தேன்."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அப்புச்சி என் பக்கம் திரும்பினார். "செரி சாமி" என்றார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே தீர்ப்பைச் சொன்னார். அடுத்த தை வரை யாரும் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது, நாங்களும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. அவர் வீடும் அதில் அடக்கம்.

அந்த வருடம் சாமை அறுப்புக்கு ஆள் வரவில்லை. கதிர் பாதி மண்ணிலேயே உதிர்ந்தது. கோயில் திறந்த அன்று அப்பா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடி தங்கையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆகவே நான் செய்தது சரிதான் என்று வெகுகாலம் நம்பினேன். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமைகூட இருந்தது. அவர்கள் பதில் கேட்க வரவில்லை, கேள்விக்குள்ளேயே ஒரு பதிலை வைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்கள் என்பது, அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?