ஒரு சாக்குச் சோறு

மருமகள் பார்க்கும் குடும்பத் தொடரில் கதாநாயகனும் நாயகியும் வந்தால் எனக்குக் கண் சொக்கிவிடும். சமையல்காரர் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன். நேற்று அவர் கரண்டியால் குண்டானைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் மைசூரில் இருந்த எங்கள் மாதா கோயில் கொட்டகை மெல்ல நினைவில் மிதந்து வந்தது.

சுதந்திரம் வந்த புதிது. கிறிஸ்துமஸ் சாயங்காலம், குடிலுக்குப் போட்ட வைக்கோல் வாசனையில் குடும்ப நாடகம். வாத்தியாரும் ஒரு நர்சம்மாவும் எஜமானர், எஜமானி. அந்தோணி மாமா சமையல்காரர். எனக்கு விருந்தாளிப் பிள்ளை வேஷம். மாமா சோறு போடும்போது "போதும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில்கூட வாய் திறக்காத எனக்காக அம்மா கேட்டு வாங்கிய வேஷம் அது.

மாமா போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நாக்கு எழவில்லை. வாத்தியார் தன் நீண்ட வசனத்துக்காகத் தொண்டையைச் செருமினார். பயத்தில், பால்காரம்மாவிடம் பேசும் கன்னடம்தான் வந்தது.

"சாக்கு."

கன்னடத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். மாமாவுக்கும் தெரியும். ஆனாலும் உள்ளே போய்க் கோணிப்பையோடு வந்தார்.

"பாத்தீங்களாம்மா, கட்டிட்டுப் போக புள்ள சாக்கு கேக்குது."

கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. மாமா குனிந்து, "அழுவாத கண்ணு, ஏதாச்சும் சொல்லு," என்று முணுமுணுத்தார்.

"ஒண்ணு பத்தாது மாமா. வீட்ல அம்மாவும் இருக்காங்க," என்றேன்.

கொட்டகையே அதிர்ந்தது. முன்வரிசையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வாத்தியாரின் வசனம் யார் காதிலும் விழவில்லை.

"என்ன அத்தே, தனியாச் சிரிக்கிறீங்க?" என்றாள் மருமகள்.

சொல்லலாமா என்று யோசித்தேன். பிறகு, "டிவியைக் கொஞ்சம் நிறுத்தும்மா," என்றேன்.