பெரட்டுச் சங்கு

நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில், சின்னம்மைக்கு அடி சரியாகக் காலை ஏழு மணிக்கு விழும். ஃபேக்டரிச் சங்கு ஊதியதும் அவள் புருஷன் காத்தமுத்து எழுந்து கதவைப் பார்த்து நடப்பார். எழுபத்தெட்டு வயது, நினைவு தப்பிய மனிதர். மழையில் வழுக்கி விழுந்துவிடுவாரே என்று தாழ்ப்பாளைப் போட்டுக் குறுக்கே நிற்பாள். உடனே கை ஓங்கிவிடும். குடித்துவிட்டு வந்த நாளில்கூட அவளைத் தொடாத கை அது.

முதல் அடிக்கு அழுதாள். இப்போது அழுகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வாங்கிக்கொண்டு அரிசி களையப் போய்விடுவாள்.

இன்னொரு தடவை அடித்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கோயம்புத்தூரில் ஏதாவது இல்லத்தில் விட்டுவிடுவதாகத் திருப்பூரிலிருக்கும் மகன் அருண்பிரசாத் சொல்லிவிட்டான். அங்கே கட்டிலோடு கட்டிப்போடுவார்கள் என்று லைனில் பேச்சு. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாத்திரை கொண்டுவந்த நர்ஸ் ரேணுகா அவள் கன்னத்தைப் பார்த்தாள். எப்போது அடிக்கிறார், அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டாள்.

"அவரு கோவத்துல அடிக்கலீங்கம்மா, பயத்துல அடிக்கறாரு. மறிச்சு நிக்காதீங்க. எதுக்குப் பயப்படறாருன்னு பாருங்க."

சின்னம்மைக்கு அப்போதுதான் உறைத்தது. அட, இதுகூடத் தெரியாமலா முப்பது வருஷம் கொழுந்து பறித்தாள்! சங்கு ஊதினால் பெரட்டு. கங்காணி ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார். பிந்திப் போனவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அவர் பெரட்டுக்குப் போகப் பதறுகிறார், இவளோ மறித்து நிற்கிறாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் கதவைத் திறந்துவிட்டாள். ஓரமாக ஒதுங்கி, ஒரு பழைய நோட்டை விரித்து, கங்காணி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"காத்தமுத்து!"

அவர் நிமிர்ந்து நின்று, இருக்கேனுங்க என்றார். கை ஓங்கவில்லை. அப்பாடா என்று நோட்டை மூடப் போனாள். அவர் வெளியே போகாமல் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"ஐயா, சின்னம்மைக்கு இன்னைக்கு லீவு போட்டுக்குங்க. என் சம்சாரந்தான். எவனோ மூஞ்சில அடிச்சிருக்கான். எவன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"சரி, போட்டாச்சு," என்றாள் சின்னம்மை.

அவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பேனாவைத் தேடி எடுத்து நோட்டில் தன் பேரை எழுதி, பக்கத்தில் லீவு என்று எழுதினாள். அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்தபின், மகனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.