சைக்கிளில் ஓடிய லேசர்

சண்டிலிப்பாயில் ஒருவர் சைக்கிள் மிதித்தே லேசர் அடிக்கிறாராம், முடங்கிய தோள்களெல்லாம் தூக்கிக்கொண்டு எழும்புகின்றனவாம் என்று 1992இல் ஒரு கதை உலாவியது. யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் நின்று இரண்டு வருடம். லேசருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று பார்க்கப் போனேன்.

அந்த லேசர்க்காரர் சோமசேகரம், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் பிறர் கைகால்களை மடக்கி நீட்டினார். நோகுது என்றார்களே தவிர ஒருவரும் மெச்சவில்லை. ஜேர்மனியிலிருந்து தம்பி லேசர்ப் பெட்டி அனுப்பிய பிறகுதான் கெட்டிக்காரர் ஆனார்.

முற்றத்தில் புகையிலைத் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளை, ஸ்டாண்டில் நின்ற சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். டைனமோவிலிருந்து வயர் பெட்டிக்கு ஓடியது. பெட்டியில் ஒரு சிவப்பு லைற். ஆழ்வாப்பிள்ளையின் மனைவி அருமைநாயகியின் தோளில் சோமசேகரம் கருவியைப் பிடித்திருந்தார்.

"கெதியா மிதியுங்கோவன், லைற் மங்குது" என்றார் அருமைநாயகி.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து மிதிக்கிறன்" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அவர்கள் போனதும் கேட்டேன்: "லேசரைக் காணேல்லையே?"

"அது கண்ணுக்குத் தெரியாது தம்பி. அதாலைதான் தப்பினன்." சோமசேகரம் வயரைச் சுற்றினார். "டைனமோவுக்கு அந்தச் சிவப்பு லைற்றை எரிக்கத்தான் பலம். கதிர் வாறேல்லை. முதல் நாளே சொல்ல வாயெடுத்தன். லைற்றைக் கண்டதும் அந்த மனிசி அழுதிட்டா."

"பிழையில்லையே, ஆறுதல்தானே?"

"என்ன ஆறுதல்? லைற் பாத்துக்கொள்ளும் எண்டு நான் சொல்லிக்குடுத்த பயிற்சியை விட்டிட்டா. பத்து நாளிலை தோள் இன்னும் இறுகிப்போச்சு. சீப்பெடுத்துத் தலை இழுக்கேலாது. நான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

மறுநாள் அருமைநாயகி தனியே வந்தார். சோமசேகரம் உண்மையைச் சொல்லிவிட்டார். அருமைநாயகி இறுகிய கையை மற்றக் கையால் தூக்கிக் காட்டினார்.

"அப்ப இந்தக் கையை என்ன செய்யிறது?"

"சுவரிலை விரலாலை ஏறவேணும். நோகும்."

கரிக்கட்டியால் சுவரில் கோடு போட்டார்கள். நாளுக்கு ஒரு கோடுகூட விரல் ஏறவில்லை, ஆனாலும் ஏறியது. மூன்றாம் மாதம் அருமைநாயகி தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்குச் சொல்லிப்போட்டியள், சரி. இவருக்கு நீங்கள்தான் சொல்லவேணும். தான் மிதிச்சுத்தான் என்ரை கை எழும்பினதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

"சொல்லுறன்" என்றார் சோமசேகரம்.

அது நடந்து ஒரு வருடமாகிறது. சந்தையில் ஆழ்வாப்பிள்ளையைக் கண்டால் சோமசேகரம் மீன் பக்கமாகத் திரும்பிவிடுகிறார்; அவரோ சைவம். போன கிழமை ஆழ்வாப்பிள்ளை என்னையும் மறித்துத் தன் மிதியின் பெருமையைச் சொன்னார். எனக்கும் எல்லாம் தெரியும். சுகமோ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.