குழம்பு நிரப்பிக் கொடுத்த டப்பா

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சுமதிக்கு இருபத்திரண்டு. நைனார்பாளையத்தில் மக்காச்சோளம் உடைக்கப் போன இடத்தில் சிநேகமானோம். மதியம் வரப்பில் உட்கார்ந்து, என் கருவாட்டுக் குழம்பையும் அவள் சோற்றையும் பங்கு போட்டுச் சாப்பிடுவோம்.

ஒருநாள் அவள் டப்பா என்னிடம் தங்கிவிட்டது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. குழம்பை நிரப்பி, அவள் வீட்டு வாசலில் நின்ற கணவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் உதடு கிழிந்து வந்தாள். "நான் சோறு போடலன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியான்னு அடிச்சாரு பெரிம்மா" என்றாள்.

அன்று மதியம் நாங்கள் சாப்பிடும்போது அவனே சோளக் கொல்லைக்கு வந்தான். அவள் முடியைப் பிடித்துச் சாய்த்து, "துன்னுடி" என்று சோற்றை வாயில் திணித்துப் பொத்தினான். அவளுக்குக் கண் செருகிவிட்டது. சோளத்தட்டை அறுக்கும் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அடுத்த வாட்டி அருவாவோட வாய்ப்பக்கம்தாண்டா வரும்" என்றேன்.

சுமதி இன்னும் அவனோடுதான் இருக்கிறாள். டப்பாவை இப்போது கழுவி வெறுமனேதான் தருகிறேன். அவள் வயிற்றை நிரப்பித்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன். சாப்பிட உட்காரும்போது அரிவாளும் பக்கத்தில் இருக்கும்.