நோவு இல்லாத கேஸ்

பெரியம்மா குடலில் புற்று வந்து செத்ததிலிருந்து, சில வருடங்களுக்கு ஒருமுறை அம்மாவின் குடலிலும் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தம். எண்பதை நெருங்கியபோது கள்ளக்குறிச்சி டாக்டர், "இதயம் பலவீனமா இருக்கு. இந்த வயசுல நோயைவிடச் சோதனைதான் ஆபத்து. இனிமே வேணாம்மா" என்றார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சோதனைக்கு முன்னால் குடலைக் கழுவக் கொடுக்கும் அந்தப் பேதி மருந்தை இனிக் குடிக்க வேண்டாம்! வடை வாங்கித் தின்றுகொண்டே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதுதான் வினையானது. எங்கள் பக்கத்தில் ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல் டாக்டர் திருப்பி அனுப்பினால் கையை விரித்துவிட்டார் என்றுதான் கணக்கு. மறுநாளே கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ரொட்டியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? ரெண்டு மல்லாட்ட துன்னுட்டுப் போ."

சென்னையிலிருக்கும் தம்பிக்கும் சேதி போயிற்று. "அம்மாவ சாவட்டும்னு வுட்டுட்டியாக்கா?" என்று போனில் என்னையே கேட்டான். பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவனுக்குத்தான் பாசம் பொங்கி வழியும். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்ல, வயது கேட்காத தனியார் ஆஸ்பத்திரி ஒன்றைப் பிடித்துவிட்டான். மகன் கூப்பிட்டால் அம்மாவுக்கு மறுத்துப் பேச வாய் வராது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து வந்த தம்பி, காலையிலேயே அம்மாவுக்குப் பேதி மருந்தைக் குடிக்க வைத்து எங்களைக் காரில் ஏற்றினான். பாதி வழியில் மறியல். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார்கள். தம்பி இறங்கிப் போய், நாங்களும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்றான்.

"யாருக்கு? இன்னா நோவு?"

"அம்மாவுக்கு. நோவெல்லாம் ஒண்ணும் இல்ல, செக்கப்."

"நோவு இல்லாம இன்னாத்துக்குப்பா ஆஸ்பத்திரி? அப்பறமா போய்க்கலாம், இரு."

பேதி மருந்து கொடுத்திருப்பதைச் சொல்லாமலே தம்பி காருக்குத் திரும்பிவிட்டான். உள்ளே போன மருந்து சும்மா இருக்குமா? அம்மாவைக் கைத்தாங்கலாகக் கரும்புத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனேன். வந்தோம், மறுபடி போனோம். கடைசியில் அவளால் தோட்டம் வரைக்கும் நடக்க முடியவில்லை. அத்தனை பேர் கண் முன்னால். என் முந்தானையை விரித்து மறைத்தேன், அது எவ்வளவு மறைக்கும்? தம்பி காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியைப் பார்க்காமலே வீடு திரும்பினோம். பேதியில் துவண்டு படுத்த படுக்கையாகக் கிடந்து அம்மா பிழைத்துக்கொண்டாள். ஆனால் மலையிலிருந்து சாமை இறங்கும் வாரச் சந்தையை ஒருநாளும் விடாதவள், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கூப்பிட்டால், "எல்லாரும் பாத்தாங்கடி" என்பாள்.

அடுத்த வருடம் தம்பி போன் செய்தான். விட்டுப்போன சோதனையை ஆஸ்பத்திரியிலிருந்து ஞாபகப்படுத்தினார்களாம். அம்மா போனை வாங்கினாள்.

"எங்கக்கா நோவு வந்து சீரழிஞ்சா. எனக்கு நோவே வராம அந்தச் சீரழிவு வந்துச்சு. போதும்பா."

போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அம்மா இன்னாக்கா சொல்லுது?" என்றான் தம்பி.

"போதுமாம்டா" என்றேன்.

 "அப்ப அடுத்த மாசம் வச்சிக்கலாமா?"